கத்திரி வேரில் முடிச்சு

தண்ணீர் பாய்ச்சிய ஈரம் அப்படியே இருக்கும். ஆனால் பதினோரு மணி வெயிலுக்கே கத்திரிச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிடும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். போன வருடம் பங்குனியில் நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் 40 சென்ட் கொல்லையில் இதுதான் கதை. அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு. யூரியா போட்டேன். ஒரு வாரம் பச்சை காட்டியது, அவ்வளவுதான்.

ஒரு செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் மணி கோத்த மாதிரி வீக்கம். பெரியப்பா பார்த்துவிட்டு, “வேர்ல முடிச்சு இருந்தா நல்லதுதானடா, உளுந்துல இருக்குமே” என்றார். கத்திரிக்கு ஏது அந்த முடிச்சு என்று எனக்கும் உறைக்கவில்லை. உளுந்து முடிச்சு, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவின் வீடு. அது வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; நகத்தால் தள்ளினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. இதில் வேரே வீங்கியிருந்தது. தள்ளினால் தோல்தான் உரிந்தது.

இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும் கண்ணுக்குத் தெரியாத பொடிப் புழு. பெண் புழு வேருக்குள் உட்கார்ந்தபடியே 300, 400 முட்டை இடும். நம் ஊர் சூட்டுக்கு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

பரிசோதனைக்கு மண் கொடுத்தது தனிக் கூத்து. உரச்சத்து பார்க்கக் கொடுப்பதுபோல நன்றாக உலர்த்திக் கொண்டுபோனேன். “புழு செத்திருக்குமே சார், ஈர மண்ணும் வேரும் வேணும்” என்று திருப்பி அனுப்பினார்கள்.

குருணை மருந்து போடச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் மண்ணில் உள்ள நூற்புழு எல்லாம் கெட்டதில்லை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று தழைச்சத்தை விடுவிக்கிற வகைகளும் ஏராளம். அவற்றையும் சேர்த்துக் கொல்ல மனமில்லை. (காசும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சித்திரையில் வேர்க்கட்டைகளைப் பொறுக்கி எரித்து, பதினைந்து நாள் விட்டு இரண்டு கோடை உழவு. அப்புறம் ஆடியில் கொல்லை முழுக்கச் செண்டுமல்லி. வரப்போரம் நாலு செடி போதும் என்பார்கள், நான் நம்பவில்லை. அதன் வேர் போய்ச் சேரும் மண்ணில்தானே புழு மடங்கும்! நடுவில் முளைத்த மணத்தக்காளியையும் விட்டுவைக்கவில்லை. கத்திரிக்குப் பங்காளி, புழுவுக்கு அதுவும் சோறு. கீரை போச்சே என்று பெரியம்மாவுக்கு வருத்தம். பூவை ஆயுத பூஜைக்குக் கடலூரில் போட்டோம், விலை சுமார்தான்.

தையில் திரும்பவும் கத்திரி. ஏக்கருக்கு 100 கிலோ கணக்கில் 40 கிலோ வேப்பம் புண்ணாக்கு. நாற்றங்காலையும் இந்தக் கொல்லையில் போடாமல் வேறு இடத்துக்கு மாற்றினேன்.

போன வாரம் ஐந்து செடி பிடுங்கிப் பார்த்தோம். மூன்றில் வேர் சுத்தம். இரண்டில் பக்கவேரில் மிளகளவு வீக்கம். பெரியப்பா குனிந்து நகத்தால் தள்ளிப் பார்த்தார். உதிரவில்லை.