முக்கோணம்

மார்ச் 2
பழைய இசைத்தட்டு ஒன்று, அசலா போலியா என்று பார்க்க வேண்டும். விற்பவர் அனுப்பிய படத்தில் நடுவே உள்ள லேபிள் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் உண்டே, அதைப் படமெடுக்கச் சொல்லிக் கேட்டாயிற்று. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் அங்கே கீறியிருப்பது தெரியும்.

மார்ச் 3
பதில் இல்லை.

மார்ச் 5
வந்தது. மங்கல். ஒரு முக்கோணம், பக்கத்தில் ஐந்து இலக்க எண். முக்கோணம் என்றால் லாஸ் ஏஞ்சல்ஸ் மோனார்க், தட்டுகளை அச்சில் அழுத்தி எடுத்த ஆலை. அந்த எண் வேலைக்கு வேலை ஏறிக்கொண்டே போவது. தட்டு ஏறக்குறைய எப்போது அழுத்தப்பட்டது என்று அதைவைத்தே சொல்லலாம். நான்காவது இலக்கம் 3-ஆ, 8-ஆ?

இரண்டாம் பக்கத்தில் அதே எண்ணோடு ஒரு எக்ஸ் இருக்க வேண்டும். அந்தப் படத்தை அனுப்பவில்லை.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை. விகன் கசினோ நடனக்கூடத்தில் 1973-ல் சோல் இசை இரவுகள் தொடங்கியபின் வட இங்கிலாந்தில் அமெரிக்க சோல் தட்டுகளுக்கு அடிதடி. கிடைக்காத தட்டுக்குப் போலி அழுத்திக் காசு பார்த்தார்கள். பல போலிகளில் லேபிள் எழுத்தின் ஓரம் கரைந்திருக்கும்: அசல் லேபிளையே படமெடுத்து அச்சடித்ததன் விளைவு. கையால் கீறிய எண் என்றாலே போலி என்று சிலர் சொல்வது தவறு. மோனார்க் முக்கோணமே பெரும்பாலும் கைக்கீறல்தான். அசல் என்று உறுதியான இன்னொரு பிரதியின் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு சோதனை, பொருள். மோனார்க்கின் 45-கள் (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு தட்டுகள்) பெரும்பாலும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். வளையாது, வளைத்தால் விரிசல் விடும். நகத்தால் தட்டினால், வழக்கமான தட்டுப் பொருளான வினைலைவிடக் கூர்மையான ஒலி. லேபிள் மேலே ஒட்டியது, வினைலில்போல் சூட்டில் பதிந்ததல்ல. ஆனால் ஒரே பாட்டை வேறு ஆலை வினைலில் அழுத்தியிருக்கலாம், அதுவும் அசல்தான். முக்கோணம் இருந்தும் வினைல் என்றால்தான் வயிற்றைக் கலக்கும்.

மார்ச் 7
3-ஆ, 8-ஆ?

மார்ச் 8
பாடகர் ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு, மோடவுன் இசை நிறுவனத்தின் 'சோல்' முத்திரையில் வந்தது. ஒரு பிரதி 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. அத்தனை பணம் புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

மார்ச் 10
வாங்கியாயிற்று. தட்டு சுங்கத்தில் நிற்கிறது.

மார்ச் 12
வந்துவிட்டது. குளிரில் வந்த பெட்டியை உடனே பிரிக்கக் கூடாது, ஸ்டைரீன் விரிசல் விடலாம். மூன்று மணி நேரம் அப்படியே அறையில்.

தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார், விஷயம் தெரிந்தவர். உள்ளே போட்டால் வழியில் தட்டின் விளிம்பே உறையைக் கிழித்துவிடும். தட்டிப் பார்த்தாயிற்று: ஸ்டைரீன்தான். லேபிள் ஒட்டியதுதான், ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது.

நான்காவது இலக்கம் 8. மறுபக்கமும் 8, எக்ஸ் இருக்கிறது!

கழுவ: காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர், வாசனையில்லாத பாத்திர சோப்பு இரண்டே துளி. ஆல்கஹால் ஸ்டைரீன் அருகே வரவே கூடாது. லேபிள் நனைந்தால் பசை விடும். தூரிகை பள்ளத்தின் போக்கிலேயே போக வேண்டும், குறுக்கே கூடாது. பிறகு வெறும் வடிநீரால் இன்னொரு முறை, செங்குத்தாக நிறுத்தி உலர்த்தல்.

மார்ச் 13
உலர்ந்துவிட்டது. கூம்பு முனை ஊசி மாட்டியாயிற்று, எடை 2 கிராம். இன்னும் இறக்கவில்லை. விளக்கில் பிடித்தால் தொடக்கப் பள்ளத்தில் சாம்பல் நிறமாக ஒரு கோடு. கனத்த ஊசியை அங்கேயே நிறுத்தித் தட்டை முன்னும் பின்னும் தேய்த்த தடமா, அல்லது கழுவியும் போகாத அழுக்கா?