மஞ்சள் பையிலிருந்து ஒரு கதை

4 ஜனவரி 2025

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். என் பழைய காகிதங்கள் இருந்த மஞ்சள் பை கீழே வந்தது. பாதியில் நின்ற கதைகள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்கியவை, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், தலைப்பில்லாத கவிதைகள். எதுவும் அச்சேறியதில்லை. இவற்றிலிருந்து ஒரு கதையையாவது இந்தத் தை மாதத்துக்குள் முடித்தே தீர வேண்டும்.

முதல் வேலை, எல்லாவற்றையும் இருக்கிறபடியே தட்டச்சு செய்வது. ஒற்றுப்பிழையைக்கூடத் தொடுவதில்லை. இப்போதே திருத்தத் தொடங்கினால், அன்று சிறுமியாக நான் கண்டது எது, இன்று நான் சேர்ப்பது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

9 ஜனவரி

பெரும்பாலானவை தேறாது. நிலவு, மல்லிகை, யாரோ எழுதிய காதலின் எதிரொலி. தயங்காமல் ஒதுக்கிவிட்டேன். 1987 ஆவணியில் எழுதிய ஒரு தாள் மட்டும் என்னை நிறுத்திவிட்டது:

“விடியவில்லை. பஸ் வந்து நிற்கிறது. அம்மா அக்காவை எழுப்புகிறாள். எழுந்திருக்கவில்லை. அம்மா தண்ணீரைத் தொட்டு அவள் கன்னத்தில் வைக்கிறாள். அக்காவின் விரல் நுனியெல்லாம் நீலம்.”

இவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் எனக்கு உவமை தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

12 ஜனவரி

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அந்த பஸ்ஸைத் தெரியாத வீடு அன்று இல்லை. மழை பொய்த்த ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு இருட்டோடு அள்ளிக்கொண்டு போகும். மரச்சட்டங்களில் தீக்குச்சி அடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் பெட்டி ஒட்டுவார்கள். கூலி குரோசுக் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்ற சட்டம் 1986-இல் வந்தது. என் தாளில் இருப்பது அதற்கு அடுத்த ஆண்டு. பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. இதைக் கதைக்குள் யாரும் சொல்லத் தேவையில்லை. தாளில் உள்ள ஆண்டை மட்டும் கதையில் விட்டுவைத்தால் போதும்.

16 ஜனவரி

அக்கா பொங்கலுக்கு வந்திருக்கிறாள். தாளைப் படித்துக் காட்டினேன். முதலில் கேட்டது, “பசையைப் பற்றி ஏன் எழுதவில்லை?” என்றுதான். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். மரச்சீவல் பெட்டியைச் சுற்றி ஒட்டுவது நீலத்தாள். ஆலையிலிருந்து வந்த பிறகு அக்காவும் அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். அந்தத் தாளின் சாயம்தான் விரலில் ஏறியது.

கல்லூரி நாட்களில் இதே காட்சியைக் கதையாக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரதியும் பையில் இருக்கிறது. அதில் பிள்ளைகள் பஸ்ஸில் அழுதுகொண்டே போகிறார்கள். அக்கா கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அழுதோம் என்று எழுதாதே. போகும்போது சிரித்துக்கொண்டுதான் போவோம். டிரைவர் அண்ணன் பாட்டுப் போடுவார். திரும்பி வரும்போது ஒருத்தி மடியில் ஒருத்தி தூங்குவோம்.”

இது எந்தத் தாளிலும் இல்லை. அவள் தூங்கி வழிந்து இறங்குவதை மட்டுமே பார்த்தவள் நான். அவள் கூலியில்தான் என் நோட்டுகள் வாங்கப்பட்டன. அந்தச் சிரிப்பு கதையில் இருந்தே ஆக வேண்டும்.

20 ஜனவரி

எட்டயபுரம் வழியாக வந்தேன். ‘சந்திரிகையின் கதை’யைப் பாரதி முடிக்காமலே 1921-இல் போய்விட்டார். எழுதியவரைக்கும் பாரதி. அதற்குமேல் யார் எழுதினாலும் அது வேறொருவருடைய கதைதான். என் கிறுக்கல்களை அதோடு வைத்துப் பேசவில்லை. ஆனால் எழுதிய கை இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வீடு வரும்வரை கூடவே வந்தது.

27 ஜனவரி

இன்று வழி திறந்தது. 2014-இல் எழுதிய ஒரு துண்டு கையில் கிடைத்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்க, விடியற்காலையில் என் மகளை எழுப்பப் போகிறேன். அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைத் தொட்டுக் கன்னத்தில் வைக்கிறேன்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே நேரம், அதே தண்ணீர். 1987-இன் தாளில் பஸ்ஸும் அக்காவும் நன்றாகத் தெரிகிறார்கள். எழுப்புகிறவள் வெறும் கையாக மட்டும் வருகிறாள். அந்தக் கைக்கு உரியவளைத்தான் இனி எழுத வேண்டும். ஆகவே கதை அம்மாவின் பக்கம் நின்று நடக்கும். மகள் எழும் முன்பே அம்மா விழித்திருப்பாள். பஸ்ஸின் சத்தம் கண்மாய்க் கரையில் கேட்கும்போது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று கணக்குப் போடுவாள்.

பழைய வாக்கியங்களில் ஐந்தாறு மட்டுமே அப்படியே வருகின்றன. மற்றவை எல்லாம் புதிதாக எழுத வேண்டியவை.

5 பிப்ரவரி

முழு வரைவு தயார். கண்மாய், வேலிக்கருவை, பசைச் சட்டி எல்லாம் இடம் பிடித்துவிட்டன. அம்மா மனம் வருந்துவதாக ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தண்ணீரைத் தொடும்போது, குளிர் தணியட்டும் என்று அவள் சற்று நேரம் கையில் வைத்திருக்கிறாள். அது போதும்.

9 பிப்ரவரி

தொலைபேசியில் அக்காவுக்கு முழுக்கதையும் படித்தேன். இடையில் ஒரே ஒரு முறைதான் தடுத்தாள்.

“முதல் கூலியில் வாங்கிய ரிப்பன் பச்சை இல்லை, ஊதா.”

மாற்றிவிட்டேன். நாளை பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அக்காவுக்கு ஒரு பிரதி தனியாகப் போகிறது, பெரிய எழுத்தில் அச்செடுத்து.