அம்மாவின் எக்ஸ்ரே படத்துக்காக அலைந்த கதை

அம்மாவின் முதுகில் ஒரு செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. 2009 இல், கடைசி யுத்தத்தில், முல்லைத்தீவுப் பக்கம் புதுமாத்தளனில் பட்டது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் என்பதால் எடுக்காமல் விட்டார்கள். போன வருடம் கால் விறைக்கத் தொடங்க, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பில் உலோகம் இருப்பவரை யோசிக்காமல் எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள் விட முடியாது. காந்தம் துண்டை அசைத்துவிடலாம். அதனால் அங்கிருந்த இளம் டொக்டர் படத்தைப் போனில் எடுத்து, யாழ்ப்பாணத்து நிபுணர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றே பதில் வந்தது. முதுகு நோவோடு பரந்தன் போய், ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் குலுங்க வேண்டியிருக்கவில்லை. அந்த உதவியை இப்போதும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

சில வாரங்களில் அதே படம் கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. "இது மாமியின்ர பேரெல்லோ?" என்று கேட்டிருந்தார். பிலிமின் மூலையில் பெயர், வயது, கிளினிக் இலக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படம் டொக்டர்மாரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிருந்தது. அங்கிருந்து யாரோ வெளியே தள்ளிவிட, யுத்தத்தின் சாட்சி என்று அது சுற்றிக்கொண்டிருந்தது.

வன்னியில் உடம்பில் துண்டோடு வாழ்கிற பலர் அதை வெளியில் சொல்வதில்லை. எங்கே பட்டது, அப்போது யாரோடு நின்றாய் என்று கேள்வி வரும். கலியாணப் பேச்சில்கூட வந்து நிற்கும். அம்மா அயலுக்கே சொல்லாத விஷயம் அது.

படத்தை அழிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் முதலில் வாய்ப்பேச்சாகத்தான் கேட்டேன். "அழிச்சாச்சு தம்பி" என்றார்கள். அது போதாது. பல போன்களில் வாட்ஸ்அப் படம் தானாகவே கலரியில் சேரும், அங்கிருந்து கூகிள் போட்டோஸுக்கும் ஏறலாம். அப்படி ஏறிய பிரதி, வாட்ஸ்அப்பில் அழித்தாலும் அங்கே கிடக்கும். ஆகவே கடிதமாகக் கொடுத்தேன்: யாருக்கெல்லாம் போனது, எங்கெங்கே அழிக்கப்பட்டது என்று எழுத்தில் பதில் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக வைத்திருப்பதையும் எழுதினேன். அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது எனக்கும் தெரியும். ஆனால் நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அந்தச் சட்டத்துக்கு முன்பே டொக்டர்மாரின் கடமை. பிரதியில் கிடைத்ததற்கான முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். யாராவது இப்படிக் கொடுப்பதென்றால் முத்திரை முக்கியம்.

சரி, பிறகு பொறுப்பு வைத்திய அதிகாரி எங்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். அந்த இளம் டொக்டரும் வந்திருந்தார். அவர் அனுப்பியதில் எனக்குக் கோபமில்லை. பெயரை மறைத்து எடுத்திருக்கலாம். அம்மா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குழுவிலும் போன்களிலும் இருந்தவற்றை அழித்ததாக எழுதித் தந்தார்கள். வெளியே போனதை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழும்பும் நேரத்தில், மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட ஒரு பிரதி வைத்திருக்கலாமா என்று அந்த டொக்டர் அம்மாவிடமே கேட்டார். நான் மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளையள் படிக்கட்டும். பேரை வெட்டிப்போட்டு வையுங்கோ. வேற ஆருக்கும் குடுக்கிறதெண்டா என்னட்டைக் கேளுங்கோ" என்றார் அம்மா.

அதை அப்படியே தாளில் எழுதுவித்து, கையெழுத்தும் வைத்தார். அந்தத் தாளின் பிரதி அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.