உணரியை ஒட்டும் நாள்

உணரிகளைக் கொண்டு தங்கள் நிலையைத் தாமே தெரிவிக்கும் திறன்மிகு கட்டமைப்புகள் குறித்த ஆய்வில் கூட்டுமுயற்சி என்றதும் பலருக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கருத்தரங்கும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கட்டுமானப் பொறியியல் பக்கத்திலிருந்து இத்துறைக்கு வந்த எனக்கு, உணரியைக் கட்டமைப்பின்மீது ஒட்டும் நாளில்தான் அது உண்மையில் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

ஒருமுறை கான்கிரீட் உத்தரம் ஒன்றின்மீது நிலையான பாரத்தை ஏற்றி, ஒளியிழை உணரிகளைக் கொண்டு அதன் திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதை, கட்டுமானக் குழுவான நாங்களும் ஒளியியல் குழுவினரும் சேர்ந்து இரவும் பகலும் அளந்துகொண்டிருந்தோம். மாலைதோறும் அளவீடு ஒரே திசையில் மெல்ல நகர்ந்தது. உத்தரம் தொய்கிறது என்றார்கள் ஒளியியல் குழுவினர். உணரியின் பசைதான் நெகிழ்கிறது என்றோம் நாங்கள். இரண்டு வாரம் இப்படியே கழிந்த பின், ஆய்வக உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில் "மாலை 6 மணி, ஏசி நிறுத்தம்" என்ற ஒற்றை வரி கண்ணில் பட்டது. மாலைதோறும் சூடேறியது அறைதான். பிராக் வகை ஒளியிழை உணரி ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும்; 1550 நானோமீட்டரை ஒட்டிய அந்த அலைநீளத்தில், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன் திரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) சுமார் 1.2 பிக்கோமீட்டர் மாற்றத்தைத் தரும். ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமோ சுமார் 10 பிக்கோமீட்டர் மாற்றத்தைத் தரும். வெப்பத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால், ஒரு டிகிரி ஏற்றம் எட்டு மைக்ரோஸ்ட்ரெய்ன் திரிபாகவே கணக்கில் ஏறிவிடும். இரு குழுக்களுக்கும் தெரிந்த செய்திதான் இது. ஆனால் வெப்பமானியை வைப்பது மற்றவரின் வேலை என்று இரு தரப்பும் எண்ணியிருந்தோம்.

சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலம் இதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. இடிக்கப்படவிருந்த அந்தப் பாலத்தை 1997 முதல் ஏறக்குறைய ஓராண்டு கண்காணித்துவிட்டு, 1998இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள்: ஒரு தூணைச் சில சென்டிமீட்டர் தாழ்த்தினார்கள், கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும் முன்தகைவுக் கம்பிகளை அறுத்தார்கள். கண்காணிப்புக் காலத்தில் உறைபனி வந்தபோது மேற்பரப்பின் தார்க்கலவை இறுகியதால் பாலத்தின் இயல் அதிர்வெண்கள், அதாவது அது இயல்பாக அதிரும் வேகங்கள், உயர்ந்தன. சேதத்தால் அதிர்வெண் குறைவதையே மறைத்துவிடக்கூடிய உயர்வு அது. அளவீடுகளோடு வெப்பநிலையும், எந்த நாளில் எந்தச் சேதம் செய்யப்பட்டது என்ற குறிப்பும் பிற ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததால், அந்தப் பாலத்தை நேரில் பார்த்திராதவர்களும் தங்கள் கணிப்புமுறைகளை அதன்மீது சோதித்துவருகிறார்கள். பாலம் இன்று இல்லை. அதைச் சுற்றிய கூட்டுமுயற்சி மட்டும் தொடர்கிறது.

ஆகவே மூலத் தரவு யாரிடம் இருக்கும், யார் எப்போது வெளியிடலாம் என்பதை முதல் உணரியை ஒட்டுவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுரை அச்சேறும் நேரத்தில் அதைப் பேசத் தொடங்கினால் நட்பும் கெடும், தரவும் பூட்டிவைக்கப்படும். பாலத்தைப் பராமரிப்பவரையும் தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும், ஏனென்றால் போக்குவரத்தை விடலாமா நிறுத்தலாமா என்ற அவருடைய கேள்விக்கு வண்ண வரைபடங்கள் விடையாகா.

இப்போது எங்களுடைய ஒவ்வொரு தரவுக் கோப்புடனும் ஒரு பக்கத் தாள் இணைந்து செல்கிறது. உணரியின் இடம், பசையின் வகை, ஒட்டிய நேரம், அறையின் வெப்பநிலை ஆகியவற்றை ஆய்வக உதவியாளர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே இரு குழுக்களும் அதில் கையெழுத்திடுகின்றன. அடுத்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரும் இடம்பெறுகிறது.