சத்தமாச் சொல்லு தாயி
கழுத்தில் இருந்த கட்டியை எடுத்த பிறகு எனக்குக் குரலே வரவில்லை. பேச வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அப்பாயி என் கட்டிலருகே உட்கார்ந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நேர்ந்துகொண்டார்: "மாதாவே, இவ குரலைக் குடு. உன் ஞாங்லேபின் கெபியில இவ வாயாலயே ஜெபமாலை சொல்ல வைக்கிறேன்."

ஞாங்லேபின், பர்மாவில் லூர்து மாதாவுக்குக் குகை போலக் கட்டிய கெபி இருக்கும் ஊர். எனக்கு உதறலெடுத்தது. கோவிலில் பின்வரிசையில் நின்று உதடு மட்டும் அசைப்பவள் நான்.

மூன்றாம் மாதம் குரல் திரும்பியது. 2019 பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்கு அப்பாயி, பெரிய அத்தை, சித்தி, நான் நால்வரும் ரங்கூனில் மாண்டலே பாதை ரயில் ஏறினோம். பீகு தாண்டியதும் குலுக்கிய குலுக்கலில் தையல் போட்ட இடம் விண்விண் என்றது. பெரிய அத்தை ரயிலிலேயே வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சுற்றிலும் பர்மியர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"யாரு என்ன நினைப்பாங்கன்னு பார்த்தா சேசுவை எப்பத்தான் சொல்றது?" என்றார் அத்தை.

அப்பாயி அதட்டவில்லை. "லூர்துல மாதாவைப் பார்த்தப்ப பெர்னதெத்துக்கு 14 வயசு. விறகு பொறுக்கப் போனவ. போலீசு மிரட்டினப்பவும் பார்த்ததைப் பார்த்தேன்னுதானே சொன்னா" என்றார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு சொந்தமெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, மூன்று பிள்ளைகளோடு "மாதா இங்கதானே இருக்கா" என்று ரங்கூனிலேயே இருந்துவிட்டவர் அவர். அவர் சொன்னால் மறுத்துப் பேச முடியாது.

ஞாங்லேபின் ஸ்டேஷனில் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். வயதானவர்கள் வரும் இடத்தில் இப்படியா முண்டியடிப்பது! அப்பாயியின் செருப்பு ஒன்று அந்த நெரிசலில் போயே போய்விட்டது. வெறுங்காலோடு கெபி முன்னால் வந்து நின்றார்.

"ஆரம்பி தாயி."

ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக, முதல் இரண்டு பத்து எப்படியோ போனது. மூன்றாவதில், ஐந்தாம் மணியில், குரல் அடைத்துக்கொண்டது. அதே காற்று. அத்தை தொடர்ந்து சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. சித்தியும் வாய் திறக்கவில்லை. அப்பாயி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாதா சுரூபத்தின் நீல இடைக்கச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகு உருகி விரலில் சுட்டது.

"சத்தமாச் சொல்லு. அவளுக்குக் கேக்கணும்."

"அருள் நிறைந்த மரியே..." வந்துவிட்டது! கரகரவென்று, ஆனால் என் குரல். மூவரும் பழைய வழக்கப்படி "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பதில் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற கரேன் பாட்டி ஒருவர் தம் மொழியில் கூடவே சொன்னார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் தேர்பவனி, பூசை, எதுவும் வரிசையாக நினைவில் இல்லை. மாதாவே, உமக்குக் கோடி நன்றி. இந்த மூன்று பெண்களை என் வீட்டில் வைத்தீரே, அதற்கும்.

திரும்பும் ரயிலில் அத்தை பையில் ஜெபமாலையைத் துழாவிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்துவிட்டேன்.