தில்லிக்குப் போன யூரியா மனு

பிசானப் பருவ நெல் தூர் கட்டும் நேரம். கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா கையிருப்பு இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் கடையில் இருந்தது. ஆனால் 266 ரூபாய் 50 காசு விலையுள்ள 45 கிலோ மூட்டையோடு நானோ யூரியா என்ற திரவ உரப் பாட்டிலையும் வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொன்னோம். 'பார்க்கிறோம்' என்றதோடு சரி.

பிரதமருக்கே எழுதுவது என்று டீக்கடையில் முடிவானது. உடனே பீடி சுற்றும் கூலி, வாழைத்தார் விலை, தாமிரபரணியில் கலக்கும் சாக்கடை என்று ஆளுக்கொரு குறை கிளம்பியது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் ஏற்றச் சொல்லி ஓர் அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தார். நான் விடவில்லை. பல துறைக்கும் பொதுவான மனுவை எந்தத் துறையும் தன்னுடையது என்று தொடாது. கோபித்துக்கொண்டு போனவர்தான் மறுநாள் முதல் கையெழுத்துப் போட்டார்.

மனுவைவிட ஆதாரம் திரட்டத்தான் அலைச்சல். உரம் வாங்கக் கைரேகை வைத்ததும் கடை இயந்திரம் தரும் ரசீதில் யூரியா விலை மட்டும் இருக்கும். பாட்டில் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதித் தருவார்கள். பலர் அதைக் கசக்கி எறிந்திருந்தார்கள். வைத்திருந்தவர்களிடம் இரண்டையும் வாங்கி நகலெடுத்து இணைத்தோம். தமிழிலேயே எழுதி, மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் பிரதமர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தோம். பதிவு எண் கிடைத்தது.

பிரதமர் அலுவலகம் நேரே கடைக்காரரைக் கூப்பிட்டுக் கண்டிக்காது. மனு மாநில அரசுக்கு வந்து, வேளாண்மைத் துறை வழியாக மாவட்ட இணை இயக்குநருக்கு இறங்கி, கடைசியில் நாங்கள் முதலில் போய் நின்ற அதே மேசைக்கு வந்தது. ஆகவே முகவரி தில்லியாக இருந்தாலும், உள்ளூர் அதிகாரி படித்ததும் எழுந்து போய்ப் பார்க்கும்படி கடை, தேதி, ரசீது எண் எல்லாம் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குப் பதில் சொல்லாத மேசை, பதிவு எண்ணுக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிப்பட்ட மனுவை 21 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எங்களுக்கு அதற்கு மேலேயே ஆயிற்று. 'அண்ணாச்சி, ரசீதின் அசல் இருக்கிறதா?' என்று வேளாண்மை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. கடையில் இருப்பைச் சோதித்தார்கள். பாட்டிலையும் வாங்கச் சொல்லும் கட்டாயம் நின்றது. அதற்குள் மேலுரம் போடும் பருவம் பாதிப் பேருக்குத் தாண்டிவிட்டது.

'மனு முடிக்கப்பட்டது' என்று இணையதளம் காட்டியது. சங்கத்தில் ஏன் யூரியா இல்லை என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சங்கத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பதிந்திருக்கிறோம்.