சோளத்துக்குத் திமிங்கிலம்

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில், தென்கரையோரம், எரிமலைச் சரிவில் லமலேரா என்று ஒரு கிராமம். கல்லும் முள்ளுமான நிலம், விவசாயம் செய்ய வழியில்லை. அதனால் தலைமுறை தலைமுறையாகத் திமிங்கில வேட்டைதான் பிழைப்பு.

மரப்படகின் முனையில் நிற்பவருக்கு லமாஃபா என்று பெயர். நீண்ட மூங்கில் கழியில் பொருத்திய ஈட்டியோடு, தன் உடல் எடையையும் சேர்த்துத் திமிங்கிலத்தின் மேலேயே பாய்வார். கரைக்கு வந்த இறைச்சியைப் பங்கு பிரிப்பதில்தான் எனக்கு வியப்பு. படகோட்டி, ஈட்டி அடித்த கொல்லர், படகுக்குப் பாய்மரப் பாய் முடைந்தவர் என எல்லோருக்கும் உடலில் இன்ன பாகம் என்று பாத்தியதை உண்டு. விதவைகளும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

காய்ந்த இறைச்சியைப் பெண்கள் தலைச்சுமையாக மலைக்கிராமங்களுக்குக் கொண்டுபோய்ச் சோளமும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். வுலாண்டோனி சந்தையில் இந்தப் பண்டமாற்று இன்றும் நடக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டணத்தைத் திமிங்கிலக் கருவாட்டில் கட்ட முடியாதே!

படித்த பிள்ளைகள் குப்பாங், ஜகார்த்தா என்று நகரங்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். துடுப்போடு படகின் பின்னால் மாட்டும் மோட்டாரும் வந்துவிட்டது. வேட்டையைக் கைவிடச் சொல்லும் கடலுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் மாற்றுப் பிழைப்பாகச் சுற்றுலாவைக் காட்டுகின்றன. அந்த வருமானத்தில் விதவைக்கு எந்தப் பங்கு என்று மட்டும் யாரும் சொல்லக் காணோம்.